காலி பாட்டில் கணக்கு

காட்பாடி ஜங்ஷன் பாருக்கும்
திருவலம் ரம் கம்பெனிக்கும்
உள்ள சம்பந்தத்தை எழுதித் தரச் சொன்னார்கள்.
ஐம்பதாம் வருஷ மலராம்.
இருபத்தாறு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான்.
எழுதினேன். கொஞ்சம் எடுத்துக்கொண்டு
மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எழுபத்தொன்றில் டிக்ரூஸ் துரை பார் திறந்தார்.
அதே மாசம் எத்திராஜுலு நாயுடு
மொலாசஸ் டாங்குக்குப் பூஜை போட்டார்.
லேபிளில் பாலாறு, இரு கரையும் தொட்டுத் தண்ணீர்.
நான் பார்த்த பாலாற்றில்
அது ஒன்றுதான் வற்றாதது.

அவர் சரக்கு அனுப்புவார்.
இவர் காலி அனுப்புவார்.
பத்திரம் கித்திரம் கிடையாது,
பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு.

எழுபத்து நாலில் அரசாங்கம் பூட்டச் சொன்னது.
ரோஸ்மில்க் விற்றோம்.
பழகிய கைகள்
அந்தத் தம்ளரையும் ஒரு சுழற்று சுழற்றித்தான் வாய்க்குக் கொண்டுபோயின.
நாயுடு ஆஸ்பத்திரிக்கு ஸ்பிரிட் காய்ச்சினார்,
ஊசிக்கு முன்னால் பஞ்சில் தடவுவார்களே, அது.
எங்கள் வாடிக்கை ஒருத்தர் வார்டில் படுத்தபடி
மூக்கை இழுத்து
'நம்ம நாயுடு' என்றாராம்.

எண்பத்தொன்றில் மறுபடி திறந்தபோது
வந்த முதல் பெட்டிக்குள்
ஏழு வருஷத்துப் பழைய பில் இருந்தது.
வட்டி போடாமல்.
துரை அன்றைக்கே கட்டினார்.

மலரில் வந்தது இதுவரைக்கும்தான்.

சனிக்கிழமை திருவலத்தில் கூலி.
அஞ்சலாட்சி அங்கே பாட்டில் கழுவுகிறவள்.
காஸ்டிக் தண்ணீரில் ரேகை தேய்ந்து
ரிஜிஸ்டரில் பெருவிரலை உருட்டினால்
வெறும் மை வட்டம் விழும்.
நோட்டை எட்டாய் மடித்து முந்தானையில் முடிவாள்.
ஞாயிற்றுக்கிழமை
அந்த எட்டு மடிப்போடு, மொலாசஸ் வாசத்தோடு
அது என் கல்லாவுக்கு வரும்.
கொண்டு வருகிறவன் முனிரத்தினம், அவள் புருஷன்.
குட்ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன்.
சத்தம் போட மாட்டான், கடன் சொல்ல மாட்டான்,
நல்ல மனுஷன் என்றுதான் நாங்கள் சொல்வோம்.
திங்கட்கிழமை கட்டுப் போட்டு
நாயுடு லாரியில் ஏற்றிவிடுவேன்.
சனிக்கிழமை அவர் எண்ணிக் கொடுப்பார்.

ஒருமுறை இருபது ரூபாய் ஒன்றின் மூலையில்
பேனாவால் புள்ளி வைத்தேன்.
மூன்று வாரம் வந்தது.
நாலாவது வாரம் காணவில்லை.
காணவில்லை என்றால்,
நான் தேடவில்லை.

எண்பத்தாறு, அக்னி நட்சத்திரம், மத்தியானம்.
அஞ்சலாட்சி பாருக்குள் வந்தாள்.
ஆறு மேசையிலும் ஆம்பளைகள்
காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.
முனிரத்தினம் பின்வாசலால் போனான்.
அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
'ஒரு ஃபுல்' என்று சொல்லி
மேசைமேல் நோட்டுகளை வைத்தாள்.
ஒவ்வொன்றும் எட்டு மடிப்பு.

துரையே எடுத்துப்போய் வைத்தார்.
மூடியைத் தொடவில்லை அவள்.
கவிழ்த்துப் பிடித்து
ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினாள்,
முட்டை வாங்குகிறவள் மாதிரி.
'உள்ள தூசி மெதக்குது.
இது நான் கழுவினது இல்ல. மாத்திக் குடு.'

மாற்றினோம்.
கழுத்தில் சின்ன உடைசல் இருந்த பாட்டில் அது.
பார்த்தாள். 'இது என்துதான்' என்றாள்.
திறக்காமலே மடியில் கட்டிக்கொண்டு
திருவலம் பஸ் ஏறினாள்.

விற்றுவிட்டாள் என்றார்கள்.
ஆற்றுமணலில் கொட்டினாள் என்றார்கள்.
பத்து நாள் கழித்து
பொறுக்குகிற பையன் சாக்கில்
அதே உடைசல் கழுத்து வந்து சேர்ந்தது,
பளபளவென்று கழுவி.

பச்சை நோட்டில் அவள் பேருக்கு எழுதினேன்:
காலி ஒன்று, இருபத்தைந்து பைசா.
வாங்க அவள் வரவில்லை.
கொண்டுபோய்க் கொடுக்க
எனக்கும் கால் வரவில்லை.
பாக்கி அப்படியே நிற்கிறது.
அந்தக் காசுகூட இப்போது செல்லாது.